நாற்பது ஹோஸ்டாவும் எண்ணிக்கையில்லா நத்தையும்

இலை விற்றுப் பிழைப்பது என்பது, அதே இலையை ஓசியில் தின்ன வரிசையில் நிற்பவர்களுக்கு நடுவில் கடை விரிப்பது.

நான் விற்பது ஹோஸ்டா. பூவுக்காக இல்லாமல் இலைக்காகவே ஆட்கள் வாங்கி வைக்கும் செடி. நிழலில் வளரும். ஒன்றின் இலை நீலம் பூசினாற்போல் இருக்கும், இன்னொன்றுக்கு மஞ்சள் கரை ஓடும். வெயில் விழாத வீட்டுப் பின்வளவுகளுக்கு லண்டனில் பஞ்சமில்லை என்பதால் இதற்கு நல்ல கிராக்கி. ஆனால் இந்தச் செடியைக் கண்டால் லண்டன் நத்தைகளுக்கு வாய் ஊறும். ஓடுள்ள நத்தைக்கும் ஊறும், ஸ்லக் என்று இங்கே சொல்லும் ஓடில்லாத நத்தைக்கு இன்னும் ஊறும். மாலையில் இலையாக இருந்தது விடிய எழும்பிப் பார்த்தால் சல்லடையாக இருக்கும். ஹோஸ்டா வளர்த்துக் கையைச் சுட்டுக்கொண்ட சகபாடிகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

மனோர் பார்க்கில் எங்களுடையது வரிசை வீடு. வடக்குப் பார்த்த பின்வளவு; ஒரு வேனை நிறுத்தினால் நிறைந்துவிடும். பத்தொன்பது வருடம் ஒரு வேர்ஹவுசில் பெட்டி அடுக்கினேன். முதுகு மறுத்ததும் வேலையை விட்டு, இனி ஹோஸ்டாதான் என்று வீட்டில் அறிவித்தேன். மனைவி வசந்தி ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுப்பவள். ஆளைப் பார்த்ததும் ஊசி எங்கே இறங்கும் என்று அவளுக்குத் தெரியும். சத்தமே போடவில்லை. "மூண்டு கோடை தாறன். மூண்டாவது முடியிறதுக்குள்ள ஒரு உருப்படியான ஓடர் வராட்டி, திரும்ப வேர்ஹவுஸ்தான்" என்றாள். அந்தப் பெட்டிகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முள்ளந்தண்டு கூசும். ஒத்துக்கொண்டேன்.

செத்த வீடு

முதல் வருடம் முப்பது தொட்டி வளர்த்தேன். நவம்பரில் இலைகள் மஞ்சளாகி, கூழாகி, விழுந்தன. டிசம்பரில் தொட்டிகளில் மண் மட்டும் இருந்தது. குளிர்காலத்தில் ஹோஸ்டா மண்ணுக்குள் படுத்து உறங்கும், ஏப்ரலில் தானாக முளைக்கும் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. நான் அரிச்சுவடியைத் தாண்டி நேரே தொழிலுக்கு வந்தவன். எல்லாம் செத்துவிட்டது என்று முடிவுகட்டி, ஒவ்வொரு வேர்க்கட்டியையும் கவிழ்த்து, தோட்டக் குப்பைக்கென்று கவுன்சில் தந்த தொட்டியில் போட்டேன். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

ஏப்ரலில் வேலிக்கு மேலால் தற்செயலாக எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு டோரீன் எழுபது தாண்டியவர், தனியாக இருப்பவர். அவருடைய வளவில் முப்பது ஹோஸ்டா, வரிசையாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி. நான் குப்பையில் போட்ட அன்றே அள்ளிக்கொண்டு போய் நட்டிருக்கிறார். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பத்தைத் திருப்பித் தந்தார். தந்துவிட்டுக் கேட்டார்: "இந்த வருடம் எப்போது எறிவாய் என்று முன்கூட்டியே சொல், நான் இடம் ஒதுக்கி வைக்கிறேன்."

திரும்பி வந்த வாடிக்கையாளர்

இரண்டாம் வருடம் ஃபாரஸ்ட் கேட்டில் சனிக்கிழமைச் சந்தையில் ஒரு மேசை கிடைத்தது. டோரீன் தந்த பத்தோடு புதிதாக வாங்கி வளர்த்த தொட்டிகளையும் அடுக்கி, ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டுக் குத்தி, பெரிய முதலாளி முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். முதலில் வந்தவர் நம்மவர், ஓர் அக்கா. அறுபது வயது இருக்கும். ஓர் இலையை இரண்டு விரலால் நசுக்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது வறைக்கு ஆகுமோ?" என்றார், தேங்காய்ப்பூ போட்டு வதக்கும் கீரைக்கறியை நினைத்துக்கொண்டு. பொய் சொல்ல வராதது என் வியாபாரத்துக்குப் பிடித்த வியாதி. யப்பான் ஆட்கள் இதன் இளந்தளிரைச் சமைப்பார்கள் என்று எங்கோ வாசித்திருந்தேன். அதைச் சொல்லித் தொலைத்தேன். ஐந்து தொட்டி வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த சனி வந்து நான்கு வாங்கினார். அதற்கடுத்த சனியும் நான்கு. என் மேசைக்குத் திரும்பி வந்த முதல் வாடிக்கையாளர் அவர்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. வசந்தியிடம் போய், ஒருவர் வளவு முழுக்க என் ஹோஸ்டாவாக நடுகிறார் என்று அளந்தேன். மூன்றாம் சனி, "வீட்டில எந்தப் பக்கம் நட்டிருக்கிறியள், அக்கா?" என்று ஆசையாகக் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நடுறதோ? இவருக்கு ரெண்டு நேரத்துக்குத்தான் காணும், தம்பி. தேங்காய்ப்பூவும் கனக்கப் போட வேண்டிக் கிடக்கு. முருங்கையிலை வந்தால் எனக்கு எடுத்து வையும், இதை விட்டிடுவம்."

ஊர் உரம்

எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டாலும் செடிக்கு மீன் கழுவிய தண்ணீர்தான் உரம் என்பார்கள். நான் ஒருபடி மேலே போனேன். மீன் கடையில் சும்மா தந்த பாரைத் தலைகளைக் கொண்டுவந்து, பெரிய தொட்டிகளின் அடியில் ஒவ்வொன்றாகப் புதைத்தேன். வெள்ளைக்காரன் கடையில் போத்தலில் விற்கும் மீன் உரத்தைக் காசு கொடுத்து வாங்குகிறானே, என்ன பேயன் என்று சிரித்துக்கொண்டேன்.

விடிய எழும்பிக் கதவைத் திறந்தால் பதினாறு தொட்டி கவிழ்ந்து கிடக்கிறது. ஊரில் நாய் மட்டும்தான் கிண்டும். லண்டனில் நரி உண்டு என்பதை என் திட்டத்தில் சேர்க்க மறந்துவிட்டேன். ஒரு மீன் தலை எங்கள் படியில். ஒன்று டோரீனின் கால்மிதியில். இன்னொன்றைத் தெருவில் நிறுத்தியிருந்த யாரோ ஒருவருடைய காரின் கூரையில் கண்டேன். அது எப்படிப் போனது என்று இன்றுவரை தெரியாது. வேலைக்குப் புறப்பட்ட வசந்தி வாசலில் நின்று எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தாள். "மீனை மட்டும் வைச்சால் நரிக்குக் கோபம் வரும்தானே, கொஞ்சம் சோறும் வைச்சிருக்கலாம்."

கிரேஸின் நிபந்தனை

மூன்றாவது வருடம், அதாவது கடைசி வருடம், ஏப்ரலில் ஒரு சனி கிரேஸ் வந்தார். அருகில் இருக்கும் ஒரு முதியோர் இல்லத்தின் நிர்வாகி. நடுவில் ஒரு முற்றம், நாலு பக்கமும் சுவர், வெயில் எட்டிப் பார்க்காது, வைத்ததெல்லாம் செத்துப்போகிறது என்றார். ஜூனில் குடும்பத்தினர் வந்து பார்க்கும் நாள் ஒன்று இருக்கிறதாம். அதற்கு முன் நாற்பது தொட்டி வேண்டும். நாற்பது! மேசையைப் பிடித்துக்கொண்டேன். வசந்தி கேட்ட உருப்படியான ஓடர் இரண்டு காலில் நடந்து வந்து என் முன்னால் நிற்கிறது. எந்த நிறம் வேண்டும், என்ன அளவு வேண்டும் என்று அடுக்கினேன். கிரேஸ் கையை உயர்த்தி நிறுத்தினார். "நிறம் எதுவாகவும் இருக்கட்டும். இலையில் ஓட்டை இருக்கக்கூடாது. ஓட்டையைப் பார்த்தால், அம்மாவை எப்படிப் பார்க்கிறார்களோ என்று பிள்ளைகளுக்கு யோசனை வரும்."

நான் குடிகாரன் ஆனது

மே மாதம் முழுக்க மழை. மழை பெய்தால் நத்தைக்குக் கல்யாணம். முட்டைக்கோது தூவினேன், கோப்பிச் சக்கை போட்டேன், தொட்டியைச் சுற்றிச் செப்புப் பட்டி ஒட்டினேன். எங்கள் வீட்டுத் தேங்காய்ப் பொச்சை நார்நாராகப் பிய்த்துப் பரப்பினேன். மழைக்கு ஒதுங்க இடம் கிடைத்ததென்று நத்தைகள் அதன் கீழே குடும்பத்தோடு வந்து தங்கின. கடைசியில் இணையத்தில் ஒருவர் சொன்னார்: கிண்ணத்தில் பியர் ஊற்றி மண்ணில் புதைத்து வை, நத்தை வாசத்துக்கு வந்து விழுந்து சாகும் என்று. மீன் தின்கிறவனுக்கு நத்தையில் என்ன இரக்கம் என்று கேட்பீர்கள். மீனைக் கொன்றால் கறி வைக்கலாம். நத்தையைக் கொன்று என்ன செய்வது? எனக்கு மனம் வராது. ஆனால் பியர் என்றால் அது தானாக வந்து, தானாகக் குடித்து, தானாகச் சாகிறது. அந்தப் பாவம் என் கணக்கில் ஏறாது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

நான் வாழ்நாளில் ஒரு மிடறு குடித்தவன் இல்லை. தெருமுனையில் ரவியின் கடைக்குப் போய், இருப்பதில் மலிவான பியரில் நாலு கான் வாங்கினேன். இரண்டு நாள் கழித்து இன்னும் நாலு. பிறகு எட்டு. கோயிலில் என்னைத் திருநீறோடு மட்டுமே பார்த்திருக்கிற ரவி, நாலாவது முறை காசை வாங்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று தாழ்ந்த குரலில் கேட்டான். எனக்கில்லை, நத்தைக்கு என்றேன். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. "அண்ணை, இந்தக் கடையில நிண்டு பதினைஞ்சு வருசம். மனுசிக்கு, மச்சானுக்கு, கேக் சுடுறதுக்கு எண்டு எத்தனையோ பேர் சொல்லியிருக்கினம்; நத்தைக்கு எண்டு சொன்னது நீங்கள்தான் முதல்."

கோயிலில் ஒரு டப்பா

ரவியின் கவலை இரண்டே நாளில் வசந்தியின் காதுக்குப் போனது. பியர் நின்றது. அதன் பிறகு விடியற்காலையில் எழும்பி நத்தைகளைக் கையால் பொறுக்கி, ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, பஸ் ஏறிப் புல்வெளிப் பக்கமாகக் கொண்டுபோய் விட ஆரம்பித்தேன். மூடியில் ஊசியால் காற்று ஓட்டையும் போட்டிருந்தேன். கொல்லப் பயந்தவனின் உபசாரம் இப்படித்தான் இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை, போகிற வழியில் கோயிலுக்குள் நுழைந்தேன். ஓட்டை விழாத நாற்பது செடியைத் தா என்று கேட்கப் போகிறவன், ஓட்டை போட்டவர்களையும் கூட்டிக்கொண்டு சந்நிதிக்கு முன் நிற்பது சரியாகப் படவில்லை. டப்பாவை மடைப்பள்ளி வாசலில் கிடந்த நீள மர வாங்கில் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் டப்பா இல்லை. எங்கள் ஆட்களின் வீட்டில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் ஐஸ்கிரீம் இருந்ததாகச் சரித்திரமே இல்லை. அன்று அன்னதானத்துக்கு ஆளாளுக்கு வீட்டிலிருந்து கறி கொண்டுவந்திருந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரே நிற மூடியோடு பதினைந்து டப்பா வரிசையாக இருந்தன. சமையலைப் பொறுப்பாகப் பார்க்கும் சரோ அக்கா கடைசி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். அவர் என் பக்கம் மெதுவாகத் திரும்பினார். "கத்தரிக்காய்க் குழம்பு எண்டு அகப்பையை விட்டனான், தம்பி, கத்தரிக்காய் நடக்குது."

கடைசி ஆயுதம்

சென்னையிலிருந்து வந்து இங்கே கம்ப்யூட்டர் வேலை செய்யும் கார்த்திகா என் சந்தை மேசைக்கு வழக்கமாக வருபவர். என் முகத்தைப் பார்த்து இரங்கி ஒரு வழி சொன்னார். கண்ணுக்குத் தெரியாத புழு பாக்கெட்டில் விற்கிறது, தண்ணீரில் கரைத்து மண்ணில் ஊற்றினால் அது நத்தையைப் பார்த்துக்கொள்ளும், ஊற்றும்வரை குளிரில் வைக்கவேண்டும் என்றார். தபாலில் எடுப்பித்தேன். எங்கள் வீட்டில் பழுதாகக்கூடாத எதுவும் ஃபிரீசருக்குத்தான் போகும்: துருவிய தேங்காய்ப்பூ, முருங்கையிலை, ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த பனங்கிழங்கு ஒடியல் மா. புழுவையும் அவற்றோடு வைத்தேன். நாலு நாள் கழித்து எடுத்து, இளக வைத்து, நாற்பது தொட்டிக்கும் அளந்து அளந்து ஊற்றினேன். நத்தைகள் முன்னைவிடக் கொழுத்தன. அடுத்த சனி கார்த்திகாவிடம் முறையிட்டேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஃப்ரீசர்லயா வெச்சீங்க? அங்கிள், அது உயிரோட இருக்கணும், அது ஒண்ணும் வஞ்சிரம் மீன் இல்ல."

நல்ல பக்கம்

கொண்டுபோய்க் கொடுக்கும் நாள் வந்தது. நாற்பது தொட்டியில் ஓட்டையே இல்லாதது பதினொன்று. வசந்தி வேர்ஹவுஸ் வேலைக்கான விண்ணப்பத்தை அச்சடித்துச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தாள். பேனாவும் பக்கத்தில் இருந்தது. கிரேஸுக்குப் போன் எடுத்து உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். பொய் சொல்ல வராது என்று மேலே பீற்றிக்கொண்ட நான் என்ன செய்தேன் என்றால், தொட்டிகளை வாடகை வேனில் ஏற்றிக்கொண்டு போய், ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பி, நல்ல இலை முற்றத்தைப் பார்க்க, ஓட்டை இலை சுவரைப் பார்க்க, நாலு சுவரோடும் அடுக்கினேன். கல்யாணப் படத்தில் வேட்டி கிழிந்த மாமாவைப் பின்வரிசையில் நிறுத்துவது மாதிரி.

முற்றத்தின் நடுவில் நின்று பார்த்தால் குறை சொல்ல முடியாது. கிரேஸும் நடுவில்தான் நின்றார். முகம் மலர்ந்தது. அந்த நேரம் என் முதுகுப் பக்கச் சுவரில் ஒரு ஜன்னல் திறந்தது. சுவரில் ஜன்னல் இருக்கும், ஜன்னலுக்குப் பின்னால் ஆள் இருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அங்கே டெஸ்மண்ட் என்று ஒரு முன்னாள் பஸ் டிரைவர். மனைவி காலமான பிறகு, குளிர்காலத்திலிருந்து அறையை விட்டு வெளியே வராதவர் என்று கிரேஸ் பிறகு சொன்னார். அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கிரேஸ் குனிந்து ஒரு தொட்டியைத் திருப்பினார். பிறகு இன்னொன்று. எனக்குக் காது சுட்டது. நிலம் பிளந்தால் இறங்கிவிடலாம் என்றிருந்தது. குடும்ப நாள் முடிந்து திங்கள் பதில் சொல்கிறேன் என்றார் கிரேஸ், என் முகத்தைப் பார்க்காமலே. டெஸ்மண்ட் மட்டும் பார்த்தார். "தம்பி, நல்ல பக்கத்தை அவர்களுக்குக் காட்டிவிட்டு, அறைக்குள்ளேயே கிடக்கிற எனக்குச் சல்லடையையா காட்டுகிறாய்?"

திங்கட்கிழமைப் போன்

அந்தத் திங்கள் வரப் பத்து நாள் இருந்தது. விண்ணப்பத்தில் பெயர், முகவரி, முன் அனுபவம் எல்லாம் நிரப்பிவிட்டேன். கையெழுத்துத்தான் மிச்சம். திங்கள் காலை போன் அடித்தது. வசந்தி எதிரே இருந்தாள். எப்படியும் அவளுக்குச் சொல்லத்தான் வேண்டும், அவளே கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

குடும்பத்தினர் இலையைப் பார்க்கவே இல்லை என்றார் கிரேஸ். பார்க்க நேரமில்லையாம். நான் போன மறுநாள் விடிய டெஸ்மண்ட் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, ஒரு கரண்டியும் வாளியுமாக, தானாக முற்றத்துக்கு வந்திருக்கிறார். தன் ஜன்னலுக்கு முன்னால் இப்படி ஓர் அநியாயம் நடக்கவிட மாட்டேன் என்றாராம். மூன்றாம் நாள் இன்னும் இரண்டு பேர். வார முடிவில் ஏழு பேர். யார் எத்தனை பிடித்தார்கள் என்று சுவரில் பலகை வைத்து எழுதியிருக்கிறார்கள். குடும்ப நாளில், மாதக்கணக்காக ஒரு வார்த்தை பேசாத தகப்பன் கையைப் பிடித்து இழுத்துப்போய் நத்தை காட்டினார் என்று டெஸ்மண்டின் மகள் அழுதாராம். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தொட்டிகளைத் திருப்பி வைத்ததுதான் வெட்கம். அதற்காகக் கிரேஸிடம் மன்னிப்புக் கேட்டேன். வசந்தி விண்ணப்பத்தை எடுத்து, நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் செருகினாள்.

"அது இருக்கட்டும், இப்போது ஒரு சிக்கல்" என்றார் கிரேஸ். என் கண் மேசைக் காலடிக்குப் போனது. "இரண்டு நாளாக முற்றத்தில் பிடிக்க ஒன்றுமே இல்லை, டெஸ்மண்ட் காலைச் சாப்பாட்டைத் தொடமாட்டேன் என்கிறார்; இன்னும் இருபது தொட்டி வேண்டும், இந்த முறை தயவுசெய்து நத்தையைத் தட்டிவிடாமல் கொண்டுவாருங்கள்."

ஆகவே சகபாடிகளே, மூன்று வருடம் நத்தையை ஒழிக்க வழி தேடியவன் இப்போது விடியற்காலையில் வாளியோடு நின்று கேட்பது ஒன்றுதான்: நத்தைகளைக் கொத்திக்கொண்டு போகும் இந்தக் கருங்குருவிகளை விரட்ட உங்களில் யாருக்காவது ஒரு வழி தெரியுமா?